ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஒரு நாள் ஓடும்: அலுவலக லேப்டாப் இணைப்புக் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் இருந்த மற்ற எல்லாக் கருவிகளும் ஒழுங்காக ஓடின. இரண்டு கைபேசிகள், ஒரு டிவி, ஒரு பிரிண்டர், சொந்தமாக வாங்கிய ஒரு லேப்டாப். அலுவலகம் கொடுத்த விண்டோஸ் 11 லேப்டாப் மட்டும் மக்கர் செய்தது. அலுவலக வலையமைப்போடு மறைகுறியாக்கிய வழியில் இணைக்கும் விபிஎன் மென்பொருள் ‘கனெக்டட்’ என்று பச்சை காட்டும். ஆனால் அலுவலகத்தின் உள்தளத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அலுவலகக் கணினியின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளும், பிறகு கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அலுவலக அரட்டையில் ஒரு வரிச் செய்தி போகும். அதே அரட்டையில் கோப்பை இணைத்தால் 0 சதவீதத்திலேயே உறையும். இது போதாதென்று, சில நாள்களில் வீடியோ அழைப்பின் நடுவே வைஃபையே அறுந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பும்.

ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் சரியாகும். அன்று முழுக்க ஓடும். மறுநாள் காலையில் பழைய கதை.

இந்தக் கடைசித் தகவலைப் பலரும் ‘ரவுட்டர் பழசாகிவிட்டது’ என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இந்த நிகழ்வின் சாவியே அதுதான். மறுதொடக்கம் எதையோ மாற்றுகிறது, அந்த மாற்றம் ஒரு நாள் தாங்குகிறது, அப்படியானால் எது மாறுகிறது என்று கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆய்வுக்கு வரும் முன்பே வைஃபை டிரைவரைப் புதுப்பித்தாகிவிட்டது, டிஎன்எஸ் முகவரியை மாற்றியாகிவிட்டது, ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயாகிவிட்டது. கடைசியாகச் சொன்னதால் ஒரு மாலை நேரமே இணையம் இல்லாமல் போனது, ஏனென்றால் இணைப்பு பிபிபிஓஇ வகை, அதாவது ரவுட்டர் வழங்குநரிடம் உள்நுழைந்தால்தான் இணையம் வரும். அதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்தான் இருந்தன, ரீசெட் செய்ததும் அழிந்துவிட்டன. ஊசி நுழைக்கும் அந்தச் சின்னத் துளையைத் தொடும் முன் அந்த இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வைஃபையை விலக்குதல்

அறிகுறிகள் கலந்து கிடந்தன. வைஃபை அறுவதும் விபிஎன்னுக்குள் எதுவும் நகராததும் ஒரே நோயா, இரண்டா? இதைப் பிரிக்க ஒரு கேபிள் போதும். லேப்டாப்பில் ஈதர்நெட் துளை இல்லாததால் யுஎஸ்பி-சி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றும், கேட் 5இ கேபிள் ஒன்றும் பயன்பட்டன. கேபிளைச் செருகியதும் லேப்டாப்பின் வைஃபையை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வழியாகப் பாக்கெட் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) போகிறது என்பதில் சந்தேகம் மிஞ்சும், சோதனையே வீண்.

இங்கே ஒரு துணுக்கு. கேபிளில் வேகச் சோதனை 94, 95 எம்பிபிஎஸ்ஸில் முட்டி நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டிருக்கும், அல்லது அடாப்டரே அந்த வேகத்துக்கானதாக இருக்கும். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கேபிளில் இரண்டு மணி நேரம் ஓட்டியதில் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. ஆனால் விபிஎன்னுக்குள் அதே உறைவு: உள்தளம் வரவில்லை, ரிமோட் டெஸ்க்டாப் கறுப்பு. ஆக, நோய் இரண்டு. அறுபடுவது வைஃபையின் கோளாறு. உறைவுக்கும் வைஃபைக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துத் துரத்தியதால்தான் இதுவரை செய்த எதுவும் பலன் தருகிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிருந்தது.

அடுத்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட். அதில் விபிஎன் முழுமையாக ஓடியது. லேப்டாப் நன்றாக இருக்கிறது, ரவுட்டர்தான் குற்றவாளி என்று இங்கேயே தீர்ப்பு எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. ஹாட்ஸ்பாட்டுக்கும் வீட்டு இணைப்புக்கும் நடுவே மாறியது ரவுட்டர் மட்டும் அல்ல. வழங்குநர், முகவரி வகை, பாக்கெட் அளவின் உச்சவரம்பு எல்லாமே மாறியிருக்கின்றன.

சின்னது போகிறது, பெரியது போகவில்லை

அறிகுறிகளை மறுபடி படித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஒரு வரிச் செய்தி, கடவுச்சொல், ‘கனெக்டட்’ என்ற பச்சை, இவையெல்லாம் சில நூறு பைட்டுகளில் முடிந்துவிடும். இணையப் பக்கம், ரிமோட் டெஸ்க்டாப்பின் திரைக்காட்சி, கோப்பு எல்லாம் பாக்கெட்டை முழுதாக நிரப்பிக்கொண்டு வருபவை. உள்தளம் திறக்கும்போது லேப்டாப்புக்கு வர வேண்டிய சான்றிதழ் தொகுப்பே பெரும்பாலும் சில ஆயிரம் பைட். அது முழு அளவுப் பாக்கெட்டுகளாகத்தான் வரும். சின்னது தப்பிக்கிறது, பெரியது தொலைகிறது என்றால் வழியில் எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது. இணைய வழித்தடம் ஒன்றில் உடைக்காமல் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவுக்கு எம்டியு என்று பெயர். ஈதர்நெட்டில் அது 1500 பைட். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் தலைப்பை (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் குறிப்பு) தன் பங்காக எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492.

இதை அளக்க, சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை போதும், நிர்வாகி உரிமை தேவையில்லை. இணைய முகவரியில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. ஐபிவி4-இல் பிங் தரவுக்கு மேல் 28 பைட் தலைப்பு சேரும் (20 ஐபி, 8 பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறை). ஐபிவி6-இல் 48 சேரும் (40, 8). எனவே 1492-ஐத் தொடும் தரவு அளவு முதலாவதில் 1464, இரண்டாவதில் 1444.

ஐபிவி4-இல் ‘உடைக்காதே’ என்பதற்கான -எஃப், அளவுக்கான -எல் இரண்டையும் சேர்த்து 1.1.1.1 என்ற முகவரிக்கு அனுப்பினால், 1464-க்குப் பதில் வந்தது. 1465-க்கு ‘பாக்கெட்டை உடைக்க வேண்டும், ஆனால் உடைக்கத் தடை போடப்பட்டிருக்கிறது’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தது. இது ஆரோக்கியமான நடத்தை. ரவுட்டர் ‘இது பெரிது’ என்று சொல்கிறது, லேப்டாப் அதைக் கேட்டுக்கொள்கிறது.

ஐபிவி6-இல் கதை வேறு. -எஃப் இங்கே தேவையில்லை, ஐபிவி6-இல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைப்பதே இல்லை. 2606:4700:4700::1111 என்ற முகவரிக்கு:

1444 பைட்: நான்குக்கு நான்கும் பதில்.
1445 பைட்: நான்கும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’.
1452 பைட்: நான்கும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’.

ஒரே ஒரு பைட் வித்தியாசம். ஒரு பக்கம் முழுப் பதில், மறுபக்கம் மயான அமைதி. பிழைச்செய்திகூட இல்லாமல் பாக்கெட் மறையும் இந்த இடத்தைத்தான் வலையமைப்புக்காரர்கள் கருந்துளை என்பார்கள்.

‘இது பெரிது’ என்ற அறிவிப்பை ரவுட்டர் அனுப்பவில்லையா, அனுப்பியும் லேப்டாப் கேட்கவில்லையா? இதற்கு விடை சொல்ல வீட்டிலிருந்த சொந்த லேப்டாப் உதவியது. அதே ரவுட்டர், அதே கேபிள், அதே 1452. முதல் பிங் தவறியது. அடுத்த மூன்றும் பதில் தந்தன. முதலாவது தவறியதும் ரவுட்டரிடமிருந்து ‘பாக்கெட் டூ பிக்’ என்ற ஐசிஎம்பிவி6 அறிவிப்பு வந்திருக்கிறது, லேப்டாப் பாடம் கற்றுக்கொண்டு அடுத்தவற்றைத் தானே சிறிதாக உடைத்து அனுப்பியிருக்கிறது. ரவுட்டர் குற்றமற்றது. அலுவலக லேப்டாப்தான் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

காரணம் அதன் ஃபயர்வால், அதாவது எந்தப் பாக்கெட்டை உள்ளே விடலாம் என்று விதிகளின்படி முடிவுசெய்யும் காவல் மென்பொருள். விண்டோஸில் இந்த அறிவிப்பை உள்ளே விடும் விதி தானாகவே இருக்கும். ஆனால் நிறுவனக் கொள்கை ‘இந்தக் கணினியில் உள்ள விதிகளை மதிக்காதே, நாங்கள் அனுப்பும் விதிகளை மட்டும் பயன்படுத்து’ என்று சொன்னால், விண்டோஸ் கூடவே வைத்திருக்கும் விதியும் செத்துவிடும். நிறுவனம் அனுப்பிய பட்டியலில் ஐபிவி6 இயங்கத் தேவையான அக்கம்பக்கக் கண்டறிதல், ரவுட்டர் அறிவிப்பு (ரவுட்டர் தன் அமைப்பு விவரங்களைக் கருவிகளுக்குச் சொல்வது) ஆகிய இரண்டும் இருந்தன, அதனால் ஐபிவி6 முகவரி ஒழுங்காகக் கிடைத்தது. ‘பாக்கெட் டூ பிக்’ விதி மட்டும் விடுபட்டிருந்தது. அலுவலகக் கட்டடத்தின் வழித்தடம் முழுக்க 1500 என்பதால் அங்கே யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை. பிபிபிஓஇ உள்ள வீட்டில்தான் வெளிப்படும்.

கணக்கு

அலுவலகத்தின் விபிஎன் வயர்கார்ட் நெறிமுறையில் இயங்குவது. அதன் மெய்நிகர் அடாப்டரின் எம்டியு 1420 என்று இருந்தது. வயர்கார்டில் வழக்கமாக வைக்கும் மதிப்பு இது. ஒவ்வொரு பாக்கெட்டும் வெளியே போகும்போது அதன்மேல் உறைகள் ஏறும்:

உள்ளே இருக்கும் பாக்கெட்: 1420
வயர்கார்ட் உறை: 32
யுடிபி (வயர்கார்ட் பாக்கெட்டைச் சுமக்கும் நெறிமுறை) தலைப்பு: 8
ஐபிவி6 தலைப்பு: 40
மொத்தம்: 1500

வழித்தடம் தாங்குவது 1492. எட்டு பைட் கூடுதல். முழு அளவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் செத்தது இந்த எட்டு பைட்டால்தான்.

விபிஎன் ஐபிவி4 வழியாகப் போனால் வெளித் தலைப்பு 40 அல்ல, 20 மட்டுமே. 1420, 32, 8, 20 கூட்டினால் 1480. 1492-க்குள் வசதியாக அடங்கிவிடும். ஹாட்ஸ்பாட்டில் ஓடியதற்கும் விடை இதுதான்: அந்தக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்புக்கு ஐபிவி4 முகவரி மட்டுமே கொடுத்தது.

உலாவி ஏன் பாதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நோயறிதல் முழுமையாகாது. இணையப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் சாதாரண டிசிபி வகை இணைப்பு தொடங்கும்போதே இரு முனைகளும் துண்டின் அளவைப் பேசிக்கொள்ளும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் அந்தப் பேச்சில் குறுக்கிட்டு எண்ணைக் குறைத்து எழுதிவிடும், அதனால் யாருக்கும் இடுக்கு தெரிவதில்லை. விபிஎன்னுக்குள் நடக்கும் பேச்சு மறைகுறியாக்கப்பட்டது. ரவுட்டரால் அதைப் பார்க்க முடியாது, திருத்தவும் முடியாது.

இப்போது ‘ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஒரு நாள் ஓடும்’ என்ற புதிருக்கு வரலாம். ரவுட்டரை மறுபடி போட்டு, கடிகாரத்தோடு அதன் நிலைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வரிசை தெளிவாகத் தெரிந்தது. பிபிபிஓஇ இணைந்த உடனே ஐபிவி4 முகவரி வந்துவிட்டது. ஐபிவி6 முன்னொட்டு (வீட்டு ஐபிவி6 முகவரிகளின் தொடக்கப் பகுதி) வர மேலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. விபிஎன் மென்பொருளோ இணையம் வந்த கணமே தானாக இணைந்துகொள்ளும். அந்த ஒரு நிமிட இடைவெளியில் அது இணைந்ததால் ஐபிவி4 முகவரியைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை பிடித்த முகவரியை இணைப்பு நீடிக்கும் வரை விடாது. அன்று முழுக்க வேலை நடந்தது. இரவில் லேப்டாப் மூடி தூங்கப் போகும். காலையில் எழுந்து விபிஎன் புதிதாக இணையும்போது ஐபிவி6 தயாராக இருக்கும், விண்டோஸும் இரண்டில் ஐபிவி6-ஐத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும். மறுபடி 1500, மறுபடி கருந்துளை.

விபிஎன் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க அதன் நிலைத் திரையில் உள்ள மறுமுனை முகவரியைப் பார்த்தால் போதும். எண்களுக்கு நடுவே புள்ளிகள் இருந்தால் ஐபிவி4, இரட்டைப்புள்ளிகள் இருந்தால் ஐபிவி6. ஓடிய நாள்களில் புள்ளி, உறைந்த நாள்களில் இரட்டைப்புள்ளி. ஒருமுறைகூட மாறவில்லை.

மருந்து, அதிலும் ஒரு பாதி மருந்து

முதலில் சோதனைக்காக ரவுட்டரில் ஐபிவி6-ஐப் பத்து நிமிடம் அணைத்து, விபிஎன்னைத் துண்டித்து மறுபடி இணைத்ததும் எல்லாம் ஓடியது. நோயறிதல் உறுதி. ஆனால் இதையே மருந்தாக வைத்துக்கொள்வது சரியல்ல. வீட்டில் மற்ற கருவிகளுக்கு ஒழுங்காக ஓடும் ஒன்றை ஒரு லேப்டாப்புக்காக அணைப்பது அது. நாளைக்கு விபிஎன் முகவரியே ஐபிவி6 மட்டும் என்று மாறினால் வேலையும் நின்றுபோகும்.

அடுத்து, ரவுட்டரின் ஐபிவி6 லேன் (வீட்டு வலையமைப்பு) அமைப்பில், ரவுட்டர் அறிவிப்போடு சேர்ந்து போகும் எம்டியு மதிப்பு. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 1492 என்று நிரப்பிச் சேமித்ததும், லேப்டாப்பில் ‘நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஐபிவி6 ஷோ சப்இன்டர்ஃபேசஸ்’ கட்டளை வைஃபை அடாப்டருக்கு நேரே 1492 காட்டியது. இனி லேப்டாப் தன் பெரிய பாக்கெட்டைத் தானே இரண்டாக உடைத்து அனுப்பும். கோப்பு ஏற்றுவது உடனே சரியானது. ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் கறுப்பாகவே நின்றது.

பாதி குணம் என்பது நல்ல துப்பு. லேப்டாப்பிலிருந்து போகும் திசை திறந்துவிட்டது, அலுவலகத்திலிருந்து வரும் திசை இன்னும் அடைப்பு. அலுவலகக் கேட்வே (விபிஎன்னின் அந்தப் பக்க முனை) தன் பக்கமிருந்து 1500 பைட் உறைகளை அனுப்புகிறது, வழங்குநரின் முனையில் அவை 1492-இல் முட்டுகின்றன, ‘பெரிது’ என்ற அறிவிப்பு அந்தப் பக்கத்து ஃபயர்வாலிலும் தொலைகிறது. அந்த முனை வீட்டிலிருப்பவர் கைக்கு எட்டாதது.

இரு திசைக்கும் சேர்த்து மருந்து ஒன்றுதான்: விபிஎன் அடாப்டரின் எம்டியுவைக் குறைப்பது. 1492-இல் 80-ஐக் கழித்தால் 1412. லேப்டாப்பின் எம்டியு குறைந்தால், அது டிசிபி பேச்சில் மறுமுனைக்குச் சொல்லும் துண்டளவும் 1372-ஆகக் குறையும், எனவே அலுவலக சர்வர்களும் சின்னதாகவே அனுப்பும். கொஞ்சம் இடம் விட்டு 1400 என்று வைத்தாலும் இழப்பு பெரிதில்லை. 1280-க்குக் கீழே மட்டும் போகவே கூடாது. ஐபிவி6 கேட்கும் குறைந்தபட்சம் அது; அதற்குக் கீழே இறங்கினால் விபிஎன்னுக்குள் ஐபிவி6 வேலை செய்யாது.

இந்த மாற்றத்துக்கு நிர்வாகி உரிமை வேண்டும். கையால் மாற்றினாலும் சில மென்பொருள்கள் அடுத்த முறை இணையும்போது பழைய மதிப்பையே எழுதிவிடும். எனவே அது விபிஎன் அமைப்புக் கோப்பிலேயே மாற வேண்டும், அதாவது ஐடி பிரிவு செய்ய வேண்டும். ‘நெட் ஸ்லோ’ என்று எழுதினால் அந்தப் புகார் வரிசையில் கிடந்து மக்கும். இந்த நிகழ்வில் அனுப்பிய புகார் இப்படி இருந்தது:

“வீட்டு இணைப்பு பிபிபிஓஇ, எம்டியு 1492. விபிஎன் மறுமுனை ஐபிவி6 ஆக இருக்கும்போது மட்டும் பெரிய பாக்கெட்டுகள் போகவில்லை. ஐபிவி4 ஆக இருந்தால் போகின்றன. ஐபிவி6 பிங் 1444 பைட்டுக்குப் பதில் வருகிறது, 1445-க்கு வரவில்லை. அதே இணைப்பில் வேறொரு கணினிக்கு 1452-க்கும் பதில் வருகிறது. விபிஎன் அடாப்டர் எம்டியு 1420. அதை 1412 ஆக்க வேண்டும். ஃபயர்வால் கொள்கையில் ஐசிஎம்பிவி6 ‘பாக்கெட் டூ பிக்’ உள்வரும் விதி இருக்கிறதா என்றும் பார்க்கவும்.”

எட்டே வாக்கியம். எதிரே இருப்பவர் மறுகேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்க முடியும். 1412 வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப் திறந்தது.

இதோடு தொடர்புடைய ஒரு எச்சரிக்கை. ரவுட்டரின் வான் (வழங்குநரை நோக்கிய வெளி இணைப்பு) எம்டியுவை 1500 ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்ற ஆலோசனை அடிக்கடி காதில் விழும். பிபிபிஓஇ-யில் 1500-ஐத் தாங்க ஆர்எஃப்சி 4638 என்ற ஏற்பாடு உண்டு, ஆனால் அதை ரவுட்டர், நடுவிலுள்ள மோடம், வழங்குநர் மூவருமே ஆதரிக்க வேண்டும். அது இல்லாமல் எண்ணை மட்டும் ஏற்றினால், இதுவரை ஒழுங்காக ஓடிய கருவிகளும் சேர்ந்து படுத்துவிடும்.

வைஃபை அறுந்தது ஏன்

இது எளிதாகவே கிடைத்தது. நிர்வாகி உரிமை உள்ளவர் ‘நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்று கொடுத்தால் கடந்த மூன்று நாள்களின் வைஃபை வரலாற்றை விண்டோஸ் ஒரு பக்கமாக எழுதித் தரும். அறுபட்ட நேரங்களை அதிலிருந்து எடுத்து ரவுட்டரின் பதிவேட்டில் தேடினால், ஒவ்வொரு நேரத்திலும் ஒரே வரி: ரேடார் கண்டறியப்பட்டது, சேனல் மாற்றம்.

ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தது, அது 100-ஐத் தேர்ந்திருந்தது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் போன்ற அலை கேட்டால் ரவுட்டர் சில விநாடிகளில் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அடுத்துப் போகும் சேனலும் இதே வகை என்றால் 60 விநாடி வாய்மூடிக் கேட்ட பிறகே ஒலிபரப்பலாம். அழைப்பு அறுந்த அந்த ஒரு நிமிடத்தின் கணக்கு இதுதான். கைபேசிகள் அந்த ஒரு நிமிடம் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொண்டன, டிவியிடம் முன்கூட்டியே இறக்கிய படம் கையிருப்பில் இருந்தது. நேரலையில் பேசிக்கொண்டிருந்த லேப்டாப் மட்டுமே மாட்டியது.

சேனலை 36, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் என்று நிலைநிறுத்தியதும் 36 முதல் 48 வரை மட்டுமே பயன்படும், ரேடார் சிக்கல் இல்லை. அக்கம்பக்கத்தில் அதே சேனலில் நெரிசல் என்றால் அகலத்தை 40 ஆக்கலாம். வேகச் சோதனையின் எண் குறையும், அழைப்பு நிலையாக இருக்கும். வேலைக்கு நிலைத்தன்மைதான் முக்கியம்.

சிக்னலையும் அளந்தாயிற்று. விண்டோஸ் காட்டும் சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் டெசிபல் கணக்கு கிடைக்கும். மேசை இருந்த இடத்தில் 62 சதவீதம், அதாவது மைனஸ் 69. அழைப்புகளுக்கு மைனஸ் 67 அல்லது அதைவிட வலுவாக இருப்பது நல்லது. ரவுட்டரைப் பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, தலையுயரத்தில் திறந்த அலமாரியில் வைத்ததும் 74 சதவீதம் வந்தது.

கடைசியில் தலைகாட்டிய மூன்றாவது

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. அலுவலக ஸ்கேன் கோப்புகள் சேரும் இடம் அது, முகவரி 192.168.1.40. இதற்கும் எம்டியுவுக்கும் தொடர்பில்லை, 32 பைட் பிங்குக்கே பதில் இல்லை.

வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அதாவது 192.168.1 என்று தொடங்கும் 254 முகவரிகளும் ‘வீட்டுக்குள்’ இருப்பவை என்று லேப்டாப் நினைக்கிறது. விபிஎன்னோ 192.168 என்று தொடங்கும் எல்லாவற்றையும் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. இரண்டு வழிகள் மோதும்போது குறுகலான, துல்லியமான வழிதான் ஜெயிக்கும். ‘ரூட் பிரிண்ட்’ கட்டளையில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. 192.168.1.40-ஐ லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. முன்பு விபிஎன்னே உறைந்து கிடந்ததால் இது வெளியே தெரியாமல் மறைந்திருந்தது.

வீட்டு வலையமைப்பின் எண்ணை மாற்றுவதுதான் வழி. அலுவலகத்தில் எந்த எண்கள் புழக்கத்தில் உள்ளன என்று ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு, மோதாத ஒன்றை எடுக்க வேண்டும். இங்கே 172.22.60.1, மாஸ்க் 255.255.255.0 என்று ரவுட்டரின் லேன் முகவரி மாறியது. சேமித்த மறுகணம் அமைப்புப் பக்கம் அறுந்துபோகும், பதறத் தேவையில்லை. புதிய முகவரியில் திறந்தால் வரும். கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி வரம்பும் கூடவே மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில ரவுட்டர்கள் பழையதையே வைத்துக்கொள்ளும். கையால் முகவரி கொடுத்து வைத்திருந்த பிரிண்டர் காணாமல் போனது, அதன் திரையில் ‘தானியங்கி’ என்று மாற்றியதும் திரும்பியது.

சரியாயிற்று என்று எப்போது சொல்வது

இந்தக் கோளாறின் குணமே ஒரு நாள் ஓடி ஏமாற்றுவது. ஆகவே ஒருமுறை ஓடியதை வைத்து முடித்துவிட முடியாது. ரவுட்டர் போட்டு ஐந்து நிமிடம் கழிந்து, ஐபிவி6 முகவரி வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு விபிஎன்னை ஐந்து முறை துண்டித்து இணைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நிலைத் திரையில் இரட்டைப்புள்ளி முகவரிதான், ஒவ்வொரு முறையும் ரிமோட் டெஸ்க்டாப் திறந்தது. 1 ஜிபி கோப்பு ஒன்று இரு திசையிலும் நகலானது. லேப்டாப்பை மூடி இரவு முழுக்கத் தூங்கவிட்டு, காலையில் ரவுட்டரைத் தொடாமலே இணைத்துப் பார்த்ததுதான் கடைசிச் சோதனை. பழைய கோளாறு திரும்ப வேண்டிய நேரம் அது. திரும்பவில்லை.

ஃபயர்வால் கொள்கையில் விடுபட்டிருந்த விதியை ஐடி பிரிவு சேர்த்த பிறகு, 1452 பைட் பிங் அலுவலக லேப்டாப்பிலும் முதலாவது தவறி மற்ற மூன்றும் பதில் தரும் நிலைக்கு வந்ததா என்று பார்க்க, ரவுட்டரின் 1492 அறிவிப்பைச் சற்று நேரம் நீக்க வேண்டியிருந்தது. வந்தது. அறிவிப்பை மறுபடி நிரப்பி, 36, 80, 1492, 172.22.60.1 என்ற நான்கு எண்களையும் பிபிபிஓஇ பயனர்பெயரையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டியாயிற்று. கடவுச்சொல் மட்டும் வேறிடத்தில்.